மாசி போடாத சம்பல்

எங்கள் வேனுக்குள் சொன்னதை வெளியே கொண்டுபோகக் கூடாது. அப்படியொரு சட்டத்தை எவரும் போடவில்லை. ஆனால் கல்முனையிலிருந்து சவளக்கடைக்கு அப்பாலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்களை ஏற்றிப்போகிற அந்த வெள்ளை வேனில் இருந்த எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டோம். பாதிப்பேர் முஸ்லிம்கள், பாதிப்பேர் தமிழர்கள். கல்முனைச் சந்தியில் நின்று சொன்னால் கடைகளைப் பூட்ட வேண்டிவரும் கதைகளை நாங்கள் காலைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கினோம்.

சோனி என்பது எங்கள் பக்கத்தில் முஸ்லிமைக் குறைத்துச் சொல்கிற சொல். காபிர் என்றால் இஸ்லாத்தில் இல்லாதவர். நாங்கள் அதைத் தமிழர்களைப் பார்த்துச் சொல்லும்போது அதில் மரியாதை இருப்பதில்லை. இரண்டும் எங்கள் வேனில் தாராளமாகப் புழங்கின. வீதியோரம் வேனை நிறுத்தி நான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினால், "சோனிக்கு யாவாரம் பேசாட்டிச் சோறு செமிக்காது" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். நானும் விடமாட்டேன். "பொறுடி காபிரே, உனக்கும் சேத்துத்தான் வாங்குறன்" என்பேன்.

அந்தக் குரலுக்குரியவள் பாண்டிருப்பிலிருந்து வருகிற கணித ஆசிரியை. என்னைவிட இளையவள். என்னை ராத்தா என்று கூப்பிடுவாள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூத்த சகோதரியைக் கூப்பிடுகிற மாதிரி. நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவளும் நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவர்கள். வேனின் நடுச் சீட்டு எங்களுடையது. என் மகளின் கல்யாணத்துக்கு அவள் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் தட்டுகளில் சோறு போட்டாள். அவளுடைய அம்மா மோசம்போன செத்தவீட்டன்று பாண்டிருப்பு வீட்டின் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றது நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கல்முனைக்குடிக்காரி. தமிழ் படிப்பிக்கிறவள். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகச் செய்தவள் என்பதைத் தேவையில்லாத இடத்திலும் சொல்லிக்கொள்வேன் என்று என் கணவர் குறைப்படுவார். அவர் சொல்வது சரிதான். எனக்கு வாய் கொஞ்சம் கூட, கோபம் அதைவிடக் கூட.

எங்கள் வேனின் புகழ்பெற்ற வசனத்தை உண்டாக்கியவளும் அந்தத் தங்கச்சிதான். ஒரு நோன்பு காலத்தில், எங்களுக்கு முன்னால் சாப்பிடுவது சரியில்லை என்று தானும் ஒரு நாள் நோன்பு பிடிக்கப்போவதாக வேனுக்குள் அறிவித்தாள். பகலில் விஞ்ஞான கூடத்துக்குள் போனால், கதவுக்குப் பின்னால் நின்று கடலை வடை தின்றுகொண்டிருக்கிறாள். "வெக்கமா இல்லயா உனக்கு" என்று கேட்டேன். வாய் நிறைய வடையோடு அவள் சொன்னாள்: "எத்தின வருசம் ஒண்டாச் சோறு திண்டாலும் காபிர் காபிர்தான் ராத்தா." அன்று பின்னேரம் வேன் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பிறகு என் பெட்டியிலிருந்து அவள் எதை எடுத்துத் தின்றாலும் யாராவது ஒருவர் "எத்தின வருசம்" என்று தொடங்குவார், மற்றவர்கள் முடித்துவைப்பார்கள்.

என் பெட்டி என்றேன். காலைச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் நான்தான் கொண்டுபோவேன். அவளுக்குக் காலையில் கோயில், கணவர், பிள்ளைகள் என்று ஓட்டம். எனக்கு மகள் கல்யாணம் கட்டிப் போன பிறகு அடுப்படியில் நேரம் இருந்தது. இடியப்பம், சம்பல், சில நாள் சொதி. வெள்ளிக்கிழமைகளில் அவள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டாள். ஆகவே வியாழன் வரைக்கும் மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு இடிக்கிற சம்பலை வெள்ளிக்கிழமை அவளுக்கென்று மாசி போடாமல் தனியாக இடித்து, பச்சை மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியில் வைப்பேன். உரலைக் கழுவிவிட்டு அவளுடையதைத்தான் முதலில் இடிப்பேன், மாசி வாடை ஒட்டக் கூடாது என்று. இதை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் செய்கிறேன் என்று சொல்லிக் காட்டியதில்லை.

இந்த வேனுக்குத்தான் சென்ற வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை வந்துசேர்ந்தார். காரைதீவில் கல்யாணம் கட்டி வந்தவர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கல்முனை வரை பஸ்ஸில் வந்து எங்களோடு ஏறுவார். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் மடக்கி விரிக்கிற சின்னச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. நாங்கள் டீச்சர் என்கிற இடத்தில் அவர் ரீச்சர் என்பார். நாங்கள் வாங்க என்றால் அவர் வாங்கோ என்பார். அவர் வாயைத் திறந்தாலே பின் சீட்டில் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். எங்கள் தமிழைக் கேட்டு உலகம் சிரித்ததற்கெல்லாம் பதிலுக்குச் சிரிக்க ஒரு ஆள் அகப்பட்டது போல இருந்தது.

முதல் கிழமையில் வேன் வசனத்தைக் கேட்டபோது அவருடைய முகம் மாறியது. தங்கச்சியைப் பார்த்து, "உங்களுக்குக் கோவம் வராதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது நான் சொன்ன கதைதான் டீச்சர்" என்றாள் அவள். "எங்களுக்குள்ள இப்பிடித்தான். கேட்டுப் பழகிரும்."

அவரும் பழகிவிட்டார். இரண்டு மாதத்துக்குள் அந்த வசனம் வரும்போது அவரும் சிரித்தார். இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு எங்கள் கதை விளங்காது என்று பிறகு நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவருக்கு அது நன்றாகவே விளங்கியிருந்தது.

நடந்தது மாரி தொடங்கிய நாட்களில். வருடாவருடம் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு. அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு, இம்முறை அதை வேறொருவருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அவர் திருக்கோவில் பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க விரும்பாதவர். அப்படிப்பட்டவர்கள் சில வேளைகளில் பாரத்தை இன்னொருவர் தலையில் வைத்துவிடுவார்கள்.

"குறை நினைக்காதீங்க டீச்சர்" என்றார். "போன முறை உச்சரிப்புக்குப் புள்ளி குறைஞ்சிட்டு. உங்கட பாண்டிருப்பு டீச்சரும் சொன்னா, பிள்ளையளுக்குச் சோனகத் தமிழ் ஒட்டிரும் எண்டு."

நான் வீட்டில் உம்மா, வாப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான். அதற்காக மேடையில் தாய், தந்தை என்று சொல்ல என் நாக்குச் சுழலாதா? இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு ழகரம் பழக்கியது யார்? அதுவும் யார் சொன்னது? என் சோனகச் சம்பலை என் பெட்டியிலிருந்து அள்ளித் தின்கிறவள் சொன்னது. நேரே போய் "நீ சொன்னியா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னேரம் அவள் பக்கத்திலேயே இருந்து, அவள் கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தை உடனே கொட்டிவிடுகிறவள் நான். அன்று அதை இறக்காமல் வைத்துக் காய்ச்சினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான் ஒரே சம்பல்தான் இடித்தேன். மாசியை வழக்கத்தைவிடக் கூடவே போட்டேன். மறந்து போட்டுவிட்டேன் என்று இப்போது சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. பச்சை மூடிப் பெட்டியைத் துடைத்து, அதற்குள்ளும் அந்தச் சம்பலையே வைத்து மூடினேன்.

இரவு பெய்த மழையில் ஆற்றைக் கடக்கிற தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. வேன் அதில் இறங்காது. உழவு இயந்திரம் வந்து அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கடத்தும்வரை நாங்கள் இக்கரையில் கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஆற்றுவாழை கும்பல் கும்பலாக மிதந்துபோனது. பசியும் வந்தது. "ராத்தா, பெட்டிய எடுங்க" என்றாள் தங்கச்சி. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பச்சை மூடியைத் திறந்தாள். பூட்டிய வேனுக்குள் மாசி வாடை பரவியது. அவள் என்னைப் பார்த்து, "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ ராத்தா" என்றாள். குற்றம் சொல்கிற குரல் அல்ல. எனக்கு ஏதோ சுகமில்லை, அதனால் மாறிவிட்டது என்று நினைத்த குரல்.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னேன்: "எத்தின வருசம் ஒண்டாச் சோறு திண்டாலும் காபிர் காபிர்தான்."

அவளுடைய வசனம்தான். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. வேன் பழக்கத்தில் சிரித்தது. பின் சீட்டிலிருந்து யாரோ கைகூடத் தட்டினார். தங்கச்சி மூடியைப் போட்டு அழுத்தினாள். பிறகு அவளும் சிரித்தாள், எல்லோரும் முடித்த பிறகு, தனியாக. சிரிக்காமல் இருந்தது மடக்குச் சீட்டில் இருந்த யாழ்ப்பாண டீச்சர் மட்டும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அதிபர் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாண டீச்சர் முறைப்பாடு என்று எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்படிக் கதைப்பது பள்ளிக்கூடத்தில் சரியா என்று வாயால் கேட்டிருக்கிறார். ஆனால் அந்த நாட்களில் தமிழருக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டும், வேண்டாம் என்ற பிரச்சினையில் ஊர் சூடாகக் கிடந்தது. ஒரு முஸ்லிம் ஆசிரியை ஒரு தமிழ் ஆசிரியையைக் காபிர் என்று சொன்னாளாம் என்ற கதை வெளியே போனால் எனக்குத் தூர இடமாற்றம் நிச்சயம். இன்னும் கொஞ்சம் போனால் பொலிஸ். அதிபருக்கு வியர்த்திருந்தது.

அவர் தங்கச்சியிடம்தான் முதலில் கேட்டார். "டீச்சர், உங்களுக்குத்தான் சொன்னது. நீங்க சொல்லுங்க, அது ஏச்சா, பகிடியா?"

"பகிடிதான் சேர்" என்றாள் அவள், யோசிக்காமல். "அது நான் சொன்ன கதை. ராத்தா திருப்பிச் சொன்னவ. எங்கட வேனுக்குள்ள நாங்க அப்பிடித்தான் கதைக்கிற. எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல."

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தாலே பெரிய காரியம். இருக்கவில்லை. எனக்குக் கிடைத்த உயிர்ப்பிச்சையை ஒரு விரிவுரையாக்கினேன். சொல்லை அகராதியில் வைத்து அளக்கக் கூடாது, அது புழங்குகிற வாயிலும் மண்ணிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். கிழக்கின் பேச்சு வேறு, வடக்கின் பேச்சு வேறு என்றேன். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, உரிமையோடு கிண்டல் பண்ணிப் பழகியவர்கள் என்றேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது கரடுமுரடாகத்தான் கேட்கும் என்றேன். நல்ல தமிழில், ழகரம் பிசகாமல் சொன்னேன். அதில் ஒரு வசனமும் பொய் இல்லை. அன்று நடந்ததற்கு மட்டும் அது பொருந்தாது.

யாழ்ப்பாண டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் அந்தக் கதையை முந்தியும் கேட்டனான் சேர். நானும் சிரிச்சனான். எனக்கு விளங்கேல்லை எண்டு இல்லை. அண்டைக்குச் சொன்னது அது இல்லை. நான் ரீச்சரின்ர முகத்தைப் பாத்தனான்."

"முகத்த வைச்சு நாங்க என்னெண்டு தீர்ப்புச் சொல்லுற டீச்சர்?" என்றார் அதிபர். அவருக்கு மூச்சு வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவளே பகிடி என்று சொல்லிவிட்டாள். "நீங்க இடத்துக்குப் புதுசு. இஞ்சத்தப் பழக்கவழக்கம் கொஞ்சம் கொஞ்சமா விளங்கும்."

சம்பலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். தங்கச்சி ஒரு வார்த்தை, பச்சை மூடி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என் விரிவுரை அங்கேயே சரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் தோளில் தட்டிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வேனில் நடந்தது கேவலமானது. அவர் ஏறியதும், "டீச்சர் வந்துட்டா, பாத்துக் கதைங்க" என்று பின் சீட்டில் சொல்வார்கள். யாராவது தும்மினால், "இது பகிடித் தும்மலா, ஏச்சுத் தும்மலா, டீச்சர்ட்டக் கேளுங்க" என்பார்கள். தமிழரும் சொன்னார்கள், முஸ்லிம்களும் சொன்னார்கள். அந்த விடயத்தில் எங்களுக்குள் அருமையான ஒற்றுமை. அவர் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு வேனுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கல்முனையிலிருந்து உள்ளே போகும் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, வயல் வீதியால் பள்ளிக்கூடம் வரை நடப்பார். வீட்டில் குழந்தை எழும்புவதற்கு முன்பே அவர் புறப்பட வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் அவரைத் தாண்டிப் போகும்போது நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ட்ரைவர் காக்கா பழக்கத்தில் ஹோர்ன் அடிப்பார். அவர் குடையைத் தாழ்த்திக்கொள்வார்.

நான் இந்த விடயத்தில் ஒன்றும் அறியாதவள் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு அம்பாறை நகரில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரன் என் கணவரைத் தம்பியா என்று கூப்பிட்டான். சிங்களத்தில் அது எங்கள் ஆட்களை இளக்காரமாகச் சொல்வது. நான் எடுத்த துணியை அங்கேயே வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றேன். அவன் பதறிப்போய், இது எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கம், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை என்றான். உண்மையாகவே இருந்திருக்கலாம், முகம் அப்படித்தான் இருந்தது. நான் விடவில்லை. வழக்கம் என்றால் வலிக்காதா என்று என் உடைந்த சிங்களத்தில் கேட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. அவன் மனதில் இல்லாததை அவன் தலையில் கட்டியவள், என் மனதில் இருந்ததை வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

வெட்கம் எனக்கு உடனே வரவில்லை. முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் மாசி போடாத சம்பலை முதலில் இடித்து, பச்சை மூடிப் பெட்டியில் கொண்டுபோனேன். தங்கச்சி மூடியைத் திறந்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இடியப்பத்தில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. இன்றுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்கிறாள். செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு கணம் எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும்.

கடைசியில் ஒருநாள் இடைவேளையில் விஞ்ஞான கூடத்துக்குப் போனேன். யாழ்ப்பாண டீச்சர் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அண்டைக்கு நீங்க கண்டது சரி" என்றேன். "நான் அதப் பகிடிக்குச் சொல்லல்ல. என்ன மன்னிச்சிக்கோங்க."

அவர் கையைத் துடைத்தார். "அது எனக்குத் தெரியும் ரீச்சர். தெரிஞ்சதை எனக்கு வந்து சொல்லுறியள். அதிபரிட்டச் சொல்லுவியளோ?"

நான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். நான் இப்போது உண்மையைச் சொன்னால், பகிடி என்று சொன்னவள் பொய்க்காரியாவாள், அவளைக் காட்டிக்கொடுக்க என்னால் ஏலாது என்றேன். சொல்லும்போது அது எனக்கே மிகவும் நியாயமாகப் பட்டது.

"ஓம், அப்ப நான் பொய்க்காரியா இருக்கிறது பரவாயில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கழுவின குழாய்களை எண்ணுகிற குரலில் சொல்லிவிட்டு, அடுத்த குழாயை எடுத்தார்.

அந்த வார்த்தையோடு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் காலை வேன் கிட்டங்கியைத் தாண்டியதும், இனியும் பொறுக்கக் கூடாது என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஒரு விசயம் சொல்லணும். அண்டைக்கு வெள்ளத்துக்குள்ள நிண்டு தங்கச்சியப் பாத்து நான் காபிர் எண்டது பகிடியில்ல. கோவத்தில, மனசாரத்தான் சொன்னன். அந்த டீச்சர் சொன்னதுதான் சரி."

பின் சீட்டிலிருந்து, "சோனி தௌபாச் செய்யுது, மழை வரப்போகுது, குடைய விரிங்க" என்றது ஒரு குரல். தௌபா என்றால் படைத்தவனிடம் பாவமன்னிப்புக் கேட்பது. வேன் வெடித்துச் சிரித்தது. "ராத்தாக்கு இந்த முறை நடிப்புப் போட்டி போல" என்றார் ட்ரைவர் காக்கா. இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று நான் மறுபடியும் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். எங்கள் வேனுக்குள் சொன்ன எதுவும் பகிடிதான் என்று அதிபரின் அறையில் நின்று நிறுவிக் காட்டியவள் நான். இப்போது அதே வேனுக்குள் நின்று ஒரு உண்மையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கி மற்றவர்கள் வேறு கதைக்குப் போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் ராத்தா. பகிடிக்குச் சொல்லுற ஆள் சம்பலுக்கு மாசி போட்டுட்டு வரமாட்டா."

"பொறகு ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நானும் உங்கட தமிழப் பத்தி அதிபருக்கிட்டச் சொன்னன்தானே. அது உங்கட காதுக்கு வந்திட்டு எண்டு மூடியத் திறக்கக்குள்ள விளங்கிட்டு. சரி, ரெண்டும் ரெண்டும் சரியாப் போகட்டும் எண்டு நினைச்சன்." பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அந்தப் புள்ள நடுவில நிண்டதப் பத்தி நான் யோசிக்கல்ல."

வேன் வயல் வீதிக்குத் திரும்பியது. தூரத்தில் ஒரு குடை நடந்து போய்க்கொண்டிருந்தது.

"இதப் போய் அதிபருக்கிட்டச் சொல்லுங்க" என்றாள். "அங்க ஆரும் சிரிக்கமாட்டாங்க. என்னப் பத்திப் பாக்காதீங்க, பொய்க்காரி எண்டா எண்டிட்டுப் போகட்டும். நானும் கூட வாறன்."

இத்தனை நாளும் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே சாட்டு அவள்தான். அதை அவளே என் கையிலிருந்து எடுத்துவிட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். அதிபரின் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அவர் தனியாகத்தான் இருந்தார், எங்களைக் கண்டு குட் மோர்னிங் என்றார். தங்கச்சி கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு இடமாற்றம் ஞாபகம் வந்தது, பொலிஸ் ஞாபகம் வந்தது, மகளின் மாமியார் வீட்டார் ஞாபகம் வந்தது. முதல் பாடத்துக்கு மணி அடித்தது.

"இடைவேளைக்கு வாறன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ இடைவேளைகள் வந்துவிட்டன. யாழ்ப்பாண டீச்சர் இன்னும் நடந்துதான் வருகிறார்.